மூப்பரின் கோழிகள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் மன்னிப்பில்தான் வந்து நிற்கிறது. முழங்கால் வலி, சர்க்கரை, பிள்ளைகள் போன் செய்யாதது எல்லாம் பேசித் தீர்ந்த பிறகு, "எல்லாரையும் மன்னிச்சாச்சு, இனி என்ன இருக்குது" என்று யாராவது பெருமூச்சு விடுவார்கள். நானும் தலையாட்டுவேன். அது பொய்த் தலையாட்டல் என்று இன்றைக்கு உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். ஓர் ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவரைப் புதைத்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. எனக்குக் கணக்குத் தீரவில்லை.

அப்போது நான் பதினொரு வயதுப் பெண். எழுபதுகளின் கடைசி. நாமக்கல்லிலிருந்து சேலம் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். கடலையும் சோளமும் விளைந்த காடுகளில் அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கோழிக் கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்தன. அப்பா நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் தச்சு வேலை செய்தார், வாரத்துக்கு ஒரு முறை வருவார். அம்மாவுக்கு மூப்பரின் கோழிப்பண்ணையில் வேலை. மூப்பர் என்பது எங்கள் கிறிஸ்தவ சபையில் ஒரு பொறுப்பு. ஆயர் சேலத்தில் இருந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திருவிருந்து கொடுக்க வந்து போவார். மற்ற ஞாயிறுகளில் சபைக்கு மூப்பர் வைத்ததுதான் சட்டம்.

ஒரு ஓட்டுக் கட்டடம்தான் எங்கள் ஆலயம். அதன் வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். மற்ற ஊர்களில் அதில் பாட்டு எண் எழுதுவார்களாம். எங்கள் ஊரில் பேர் எழுதினார்கள். சினிமாவுக்குப் போனவர், வாசலில் கோலம் போட்டவர், அடுத்த வீட்டு மாரியம்மன் நோன்பி விருந்துக்குப் போய்க் கறிச்சோறு தின்றவர். பேர் ஏறியவர்களுக்குக் கடைசிப் பாய்தான். திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் கிடையாது. மூப்பரின் கையெழுத்து அச்சுக் கோத்தது போல இருக்கும். நானே அதைப் பார்த்துத்தான் எழுத்தைத் திருத்திக்கொண்டேன், அந்தக் கோபமும் எனக்கு இருக்கிறது.

எங்களுக்கு, அதாவது ஓய்வுநாள் பள்ளி என்கிற ஞாயிறு வேத வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஆளுக்கொரு அட்டை. ஞாயிறு தவறாமல் வந்து வசனம் ஒப்பித்தால் மூப்பர் அதில் ஒரு தங்கக் காகித நட்சத்திரத்தை நாக்கில் தொட்டு ஒட்டுவார். என் அட்டையில் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை.

அம்மாவின் பக்தி வேறு தினுசு. அவள் இந்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். எனக்கு முன்னால் பிறந்த ஆண்பிள்ளை ஆஸ்பத்திரியில் இறந்தபோது அவளோடு யாரும் இல்லை. சுவரில் இயேசு படம் ஒன்று மாட்டியிருந்ததாம். விடிய விடிய அந்தப் படத்தோடு பேசியிருக்கிறாள். "திட்டுனேன், அழுதேன், குறுக்க பேசாமக் கேட்டுக்கிட்டே இருந்தாரு" என்பாள். அன்றிலிருந்து அவரோடு பேச்சுத்தான். மண்டியிட மாட்டாள். மாவாட்டும்போது, "ஏனுங்க, இன்னிக்கிப் பாலு திரிஞ்சு போச்சுங்க, என்ன பண்றது?" என்று கேட்பாள். சற்று நேரம் ஆட்டுக்கல்லை நிறுத்திக் காது கொடுப்பாள். பிறகு சிரித்துக்கொண்டு ஆட்டுவாள். நூறு தடவை பார்த்திருக்கிறேன். மூப்பர் இதைக் கேட்டுவிட்டு, "ராஜாதி ராஜாகிட்ட இப்படியா பேசறது? சந்தைக்கடை மாதிரி" என்று சபை நடுவில் கண்டித்தார். அம்மா முகம் சிவந்து, "இனிமேப் பாத்துக்கறேனுங்க" என்றாள். வீட்டுக்கு வந்ததும் இயேசுவிடமே அதையும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மூப்பர் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். விசுவாசிகள் அன்று பண்ணைப் பக்கம் போகக் கூடாது. ஆனால் கோழிக்கு ஞாயிறு தெரியாதே, அது முட்டை வைத்துவிடும். எடுக்காவிட்டால் மிதித்து உடைக்கும், உடைந்ததைத் தின்று ருசி பழகிவிடும். அதனால் சபையில் சேராத குடும்பம் ஒன்று விடியற்காலையில் வந்து முட்டை பொறுக்கி, தீவனம் போட்டு, தண்ணீர் விட்டுவிட்டுப் போகும். அவர்கள் தொட்டால் பாவம் இல்லை, நாம் தொட்டால் பாவம். இதை அவர் முகம் மாறாமல் விளக்குவார். எங்கள் பெரியவர்களும் முகம் மாறாமல் கேட்டார்கள்.

அந்தச் சித்திரையில் ஆயர் வருகிற ஞாயிறு வந்தது. காலையில் சேலத்தில் ஆராதனை முடித்து, பஸ் பிடித்து எங்கள் ஊருக்கு வர மணி இரண்டாகிவிடும். அம்மா முந்தின நாளே கஞ்சி போட்டு வைத்த வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டாள். திருவிருந்துக்கு மட்டும் எடுக்கிற சேலை. வெயில் கண்ணைக் குத்தியது. கொட்டகையைத் தாண்டித்தான் ஆலயத்துக்குப் போக வேண்டும். கிட்டே வரும்போதே அம்மா நின்றாள். கொட்டகைக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டாரின் சத்தம் இல்லை. கரண்ட் போயிருந்தது.

உள்ளே எட்டிப் பார்த்தோம். கடலைத் தொலி பரப்பிய தரையில் அத்தனை வெள்ளைக் கோழிகளும் இறக்கையை விரித்து, வாயைப் பிளந்து, தொண்டை துடிக்க நின்றன. கூவல் இல்லை, கொக்கரிப்பு இல்லை, மூச்சிரைப்பு மட்டும்தான். எச்சத்தின் காரநெடியும் தீவனத்தின் கருவாட்டு வாடையும் சேர்ந்து கண் எரிந்தது. ஓரமாக இரண்டு ஏற்கெனவே சாய்ந்திருந்தன.

"நீ போய் இடம் புடி சாமி. நான் பின்னாலயே வாரேன்" என்றாள் அம்மா.

அவள் பின்னாலேயே வரவில்லை. கிணற்றிலிருந்து குடம் குடமாய்ச் சேந்திக் கூரைமேல் வீசியிருக்கிறாள். கோணிச் சாக்குகளை நனைத்துப் பக்கவாட்டுக் கம்பி வலையில் தொங்கவிட்டிருக்கிறாள். மயங்கிய கோழிகளைத் தூக்கித் தொட்டியில் முக்கி எடுத்திருக்கிறாள். மூப்பரின் கோழிகள், மறந்துவிடாதீர்கள். கரண்ட் வந்து மோட்டார் ஓடிய பிறகுதான் கிளம்பினாள். ஆயர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஆலய வாசலில் வந்து நின்றாள். சேலை முழங்கால் வரைக்கும் சேறு, மார்பில் கோழி எச்சம், தலைமுடியில் இறகு.

மூப்பர் எழுந்துபோய் வாசலை மறித்தார்.

"எங்க போயிருந்தே?"

"கோழிக வாயத் தொறந்துட்டுக் கெடந்துதுங்க. கரண்ட் இல்லீங்க. அதான் தண்ணி அடிச்சேனுங்க."

"ஓய்வுநாள்ல வேலை செஞ்சுபோட்டு, அந்தக் கையோட கர்த்தரோட மேசைக்கு வர்றியா?"

"செத்துப் போயிருமுங்க."

"சாவட்டும்!" என்று கத்தினார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "கோழி பெருசா, கர்த்தரோட நாள் பெருசா? நான் கேட்டனா உன்னைய, என்ற கோழியக் காப்பாத்துன்னு?"

ஆயர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். ஓய்வுநாளில் பள்ளத்தில் விழுந்த மாட்டைத் தூக்கிவிட மாட்டீர்களா என்று இயேசுவே கேட்ட இடம் அவருக்குத் தெரியாதா? எனக்கே தெரியும், அதை ஒப்பித்து ஒரு நட்சத்திரம் வாங்கியிருந்தேன். ஆயர் அடுத்தவருக்கு அப்பத்தை நீட்டினார். மூப்பர் சாக்கட்டியை எடுத்து அந்த அழகான கையெழுத்தில் அம்மா பேரை எழுதினார். 'ஓய்வுநாளை மீறினவர்.' அம்மா செருப்பு விடுகிற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் முன்பாயில் இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் பாட்டை விட்ட இடத்திலிருந்து எடுத்தார்கள்.

வீட்டில் சேலையை மூன்று தடவை அலசினாள். கறை போகவில்லை. "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டானாமா" என்று பழைய பழமொழியைச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு துவைகல்லில் உட்கார்ந்து, "ஏனுங்க, மூணு மாசமாக் காத்திருந்தனுங்க. ஒரு துண்டு அப்பம். நான் செஞ்சது தப்பா?" என்று கேட்டாள். வழக்கம் போலக் காது கொடுத்தாள். தலையை ஆட்டிவிட்டு எழுந்துபோய் உலை வைத்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை என்பதில் எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது? அவள் பங்கையும் சேர்த்து நானே பட்டேன்.

முதலில் அவர் செருப்பில் நெருஞ்சி முள் போட்டேன். அவர் தட்டிவிட்டுப் போட்டுக்கொண்டார். சாக்கட்டியைத் திருடினேன். மறுநாளே புதுப் பெட்டி வாங்கிவிட்டார். சின்னப் பிள்ளைகளின் பழிக்கு அவ்வளவுதான் எட்டும் என்று நினைத்திருந்தேன்.

வைகாசி பிறந்தது. அக்கினி நட்சத்திரம் முடிகிற பாடில்லை, கிணறுகள் அடியைக் காட்டின. மழைக்காக ஒரு ஞாயிறு முழுக்க உபவாச ஜெபம் என்று மூப்பர் அறிவித்தார். காலையிலிருந்து பொழுது சாயும் வரை சபை முழுவதும் ஆலயத்துக்குள். அம்மா கடைசிப் பாயில் இருந்தாள். மதியம் தாண்டியதும் என்னைக் கண்ணால் கூப்பிட்டுக் காதோடு சொன்னாள்.

"ஒரு எட்டு கொட்டகையப் பாத்துட்டு வா. கரண்ட் இல்லீன்னா நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். ஓடியாந்து மூப்பர்கிட்டச் சொல்லிரு. அவரு கோழி, அவரு முடிவு பண்ணட்டும்."

போனேன். கரண்ட் இல்லை. தண்ணீர்த் தொட்டிகள் காய்ந்து தூசி படிந்திருந்தன. கோழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து என்னைப் பார்த்தன. என் கால் சத்தம் கேட்டதும் நாலைந்து தள்ளாடி வலைப்பக்கம் வந்தன. அம்மா என்று நினைத்திருக்கும். நான் வலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். 'சாவட்டும்' என்று அவர் குரலிலேயே சொல்லிப் பார்த்தேன். வாய்க்கு நன்றாக இருந்தது. விசுவாசிகள் ஞாயிற்றுக்கிழமை பண்ணையில் வேலை செய்யக் கூடாது. நான் விசுவாசி. சட்டத்தை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தேன்.

திரும்பி வந்ததும் அம்மா கேட்டாள், "எப்படி இருக்குது?"

"நல்லாருக்குதும்மா. கரண்ட் இருக்குது."

அவள் என்னை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள். நான் முன்பாய்க்குப் போய் மழைக்காகப் பாடினேன். அன்றைக்கு என் குரல் நன்றாக எடுத்தது. கடைசியில் மூப்பர் என் அட்டையில் நட்சத்திரம் ஒட்டினார்.

பொழுது சாய்ந்து அவர் கொட்டகைக்குப் போனபோது பாதிக்கு மேல் செத்துக் கிடந்தன. அம்மா ஓடினாள். உயிர் இருந்ததை எல்லாம் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தாள். நான் வலை ஓரத்தில் நின்று மூப்பரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் செத்த கோழிகளுக்கு நடுவில் வேட்டியோடு உட்கார்ந்து அழுதார். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். நான் தெய்வமும் இல்லை, அரசனும் இல்லை. எனக்கு அன்றிரவு நல்ல தூக்கம். கோழிகளுக்காக மட்டும் பிற்பாடு வருத்தப்பட்டிருக்கிறேன், நிறையவே.

ஆனால் அடுத்த ஞாயிறு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மூப்பர் எழுந்தார். ஜெபத்திலும் பிரசங்கத்திலும் 'தேவரீர், அடியேன்' என்று பேசுகிறவர் வீட்டுப் பேச்சில் ஆரம்பித்தார்.

"கர்த்தர் என்னைய அடிச்சுப்போட்டாருங்க. 'சாவட்டும்'னு இந்த வாயிலதான் சொன்னேன். அப்படியே பண்ணிக் காட்டிட்டாரு. செத்த கோழி நடுவுல உக்காந்திருந்தப்ப என்றகிட்டப் பேசுனாருங்க. 'அந்தப் பிள்ளைய வாசல்ல நிறுத்துனியே'ன்னு கேட்டாரு. நாப்பது வருசமா இந்த வேதத்தத் தூக்கிட்டுத் திரியறேன். அவரு என்றகிட்டப் பேசுனது அன்னிக்கித்தானுங்க."

வேட்டி நுனியால் கரும்பலகையைத் துடைத்தார். அம்மா பேரை மட்டுமல்ல, எல்லாப் பேரையும். சபை அழுதது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஆள் சந்தோஷமாகிவிட்டார்! அதை எப்படிப் பொறுப்பது? வாரா வாரம் இதே சாட்சி. பிள்ளைகளுக்கு அவித்த முட்டை கொடுத்தார். வரப்பில் நடக்கும்போது தனியாகப் பேசிக்கொண்டு போனார், அம்மாவைப் போலவே. பண்ணைக்கு ஞாயிறும் அவரே போய்த் தண்ணீர் விட்டார். அவரை நொறுக்கத்தான் அத்தனையையும் சாகவிட்டேன். அவரோ அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். என் பழியை என் கையிலிருந்து பிடுங்கிக் கர்த்தர் பேரில் எழுதிவிட்டார்.

ஆடியில் ஆயர் வந்தார். மூப்பர் எல்லாருக்கும் முன்னால் அம்மாவை மேசைக்கு அழைத்தார். அம்மா எழுந்திருக்கவில்லை. கறை படிந்த அதே வெள்ளைச் சேலையில் கடைசிப் பாயில் உட்கார்ந்தே இருந்தாள். "எத்தனை திமிரு பாரு" என்று பெண்கள் முணுமுணுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், "ஏம்மா போகல?"

அம்மா அரிசி களைந்துகொண்டே சொன்னாள். "அன்னிக்கிக் கரண்ட் இருந்துதுன்னு சொன்னீல்ல?"

நான் அடுப்பில் சுள்ளியைத் தள்ளினேன்.

"நீ வாயத் தொறந்தப்பவே தெரியும். சொல்லீருந்தா நானாவது ஓடியிருப்பேன். உன்ன நம்புன மாதிரி உக்காந்துட்டேன், அது என்ற தப்பு. இப்ப அந்த மனுசன் அது கர்த்தரு பண்ணுனதுன்னு நெனச்சுட்டுத் திரியறாரு. அதத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு அவரு பக்கத்துல நின்னு ஒரே அப்பத்துக்கு நான் எப்படிக் கைய நீட்டறது?"

"போய்ச் சொல்லணுமா?"

"சொல்லுன்னும் சொல்லமாட்டேன், சொல்லாதீன்னும் சொல்லமாட்டேன். இயேசப்பாகிட்ட நீயே பேசு. அவரு உன்றகிட்டச் சொல்லுவாரு."

நான் அவரிடம் பேசவில்லை. பேசாமலே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. சொன்னால் அம்மா மேசைக்குப் போவாள். சொன்னால் அந்த ஆளின் சந்தோஷமும் போகும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு தித்தித்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பண்ணைக்குப் போனேன். மூப்பர் தீவன மூட்டை மேல் உட்கார்ந்து உடைந்த முட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வா அம்முணி" என்றார்.

"கோழி செத்த அன்னிக்கி நான் வந்து பாத்தேனுங்க" என்றேன். "கரண்ட் இல்லீங்க. அம்மா உங்ககிட்டச் சொல்லச் சொல்லுச்சுங்க. நான் வேணும்னே சொல்லலீங்க."

கையிலிருந்த முட்டையை மெதுவாகத் தட்டில் வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றுதான் நின்றேன். என்னைக்கூடப் பார்க்கவில்லை. கொட்டகைக்குள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அப்பக் கர்த்தர் என்றகிட்ட ஒண்ணும் பேசலியா, அம்முணி?"

"இல்லீங்க" என்றேன். "அது நானுங்க."

வரப்பில் குதித்துக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன். ஆமாம், குதித்துக்கொண்டு. "சொல்லிட்டேம்மா" என்றதும் அம்மா ஈரக்கையோடு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அவரு என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். "ஒண்ணுஞ் சொல்லல" என்றேன். கரண்ட் இருக்கிறது என்று சொன்ன பொய்யைவிட இது பெரிய பொய். சாகும்வரை அம்மா இதைத்தான் நம்பினாள். மகள் மனம் திரும்பிப் போய்ப் பாவத்தை ஒப்புக்கொண்டாள் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள்.

ஐப்பசியில் ஆயர் வந்தபோது அம்மா எழுந்து மேசைக்குப் போனாள். அப்பத்தை வாங்கிய அவள் முகம் விளக்குப் போட்டது போல இருந்தது. அதைப் பார்க்க நான் காத்திருந்தேன், பார்த்தேன். பிறகு மூப்பரைத் தேடினேன். அவர் ஆயர் பக்கத்தில் இல்லை. யாரும் பேர் எழுதாமலே கடைசிப் பாயில் போய் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் அப்பம் வாங்கவில்லை. அடுத்த தடவையும் வாங்கவில்லை. நான் செய்ததை யாரிடமும் சொல்லவும் இல்லை. சாட்சி நின்றது, வரப்பில் பேசிக்கொண்டு போவது நின்றது. கரும்பலகையில் திரும்பவும் எழுத்து ஏறியது, பாட்டு எண் மட்டும். அவர் செத்த வருடம் வரைக்கும் கடைசிப் பாய்தான். ஜெயித்தது நான்தான், அன்றைக்கு அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த அட்டையை ரொம்ப நாள் வைத்திருந்தேன். ஒரு வீடு மாறும்போது தொலைந்தது. ஒரு கட்டமும் காலி இல்லாத அட்டை. கோழிகள் செத்த நாளின் நட்சத்திரமும், நான் போய் ஒப்புக்கொண்ட வாரத்தின் நட்சத்திரமும் மற்றவற்றைப் போலவேதான் மின்னின.

இத்தனை வருடமாகத் திருவிருந்து தவறியதில்லை நான். ஓய்வுநாள் பள்ளியில் பாடம்கூட எடுத்திருக்கிறேன். சபையில் என்னைப் பற்றி ஒரு குறை சொல்ல ஆள் கிடையாது, மூப்பரைப் பற்றி அப்போது இல்லாதது போலவே. ஆனால் அம்மா பேசியது போல இயேசுவிடம் ஒரு நாளும் பேசியதில்லை. எந்த முகத்தோடு ஆரம்பிப்பது? ஆரம்பித்தால் அவர் முதலில் கேட்பது மூப்பரைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று தெரியும்.

போன சித்திரையில் ஒரு மத்தியானம், கரண்ட் போய் மின்விசிறி நின்ற நேரம், சமையலறையில் நின்றபடி வாயைத் திறந்துவிட்டேன். யோசித்துத் திறக்கவில்லை.

"ஏனுங்க" என்றேன். "அந்தாளு மேல எனக்கு இன்னும் கோவந்தானுங்க. அம்மாவ வாசல்ல நிறுத்துனத என்னால மறக்க முடியாதுங்க. மன்னிச்சுட்டேன்னு உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேனுங்க. ஆனா அவரு என்றகிட்டக் கேட்டாரே ஒண்ணு, அதுக்கு நான் சொன்ன பதிலு தப்புங்க. எனக்கெப்படித் தெரியும், நீங்க பேசுனீங்களா இல்லியான்னு? நீங்களே அவருகிட்டப் போய்ச் சொல்லிருங்க."

சொல்லிவிட்டு, அம்மாவைப் போலவே காது கொடுத்து நின்றேன்.